புற்றுநோயும் பயறு விதைகளும்

வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று டாக்டர் சொல்லிவிட்டால் போதும். அன்று மாலையே யோசனை சொல்கிறவர்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். ஒருவர் ஓர் இலையைச் சொல்வார். இன்னொருவர் ஒரு விதையைச் சொல்வார். மூன்றாமவர், பக்கத்து ஜில்லாவில் இருக்கும் ஒரு பெரியவரின் விலாசத்தையே எழுதிக் கொடுப்பார். "உடம்பில் எதிர்ப்புச் சக்தியை ஏற்றிவிட்டால் கட்டி தானாகக் கரைந்துவிடும். எல்லாம் அந்த விதையில் இருக்கிற சத்துதான்" என்பார்கள். நோயாளியின் மனைவியோ மகனோ என்ன செய்வார்கள்? பாதி நம்புவார்கள், பாதி பயப்படுவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய தேதி ஒரு வாரம் தள்ளிப்போகும். பிறகு ஒரு மாதம் தள்ளிப்போகும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், விதைக்குள் இருக்கும் புரதம் உடலின் எதிர்ப்பு அணுக்களைத் தட்டி எழுப்பும் என்பது பொய் அல்ல. 1960-ம் ஆண்டிலேயே அது நிரூபணமான உண்மை. அந்த உண்மையிலிருந்து புற்றுநோய்ச் சிகிச்சையில் புதிய வழிகளே பிறந்திருக்கின்றன. ஆனால் அந்த உண்மைக்கும், பொட்டலத்தில் பொடி கட்டிக் கொடுப்பவரின் பேச்சுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அந்தத் தூரத்தைத் தெரிந்துகொள்வதில்தான் பல உயிர்கள் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

ஆமணக்கில் தொடங்கிய கதை

கதை ஆமணங்கொட்டையில் தொடங்குகிறது. அப்போது ருஷ்ய ஆட்சியில் இருந்த டோர்பாட் என்ற ஊர் இன்று எஸ்டோனியா நாட்டில் டார்ட்டு என்ற பெயரில் இருக்கிறது. அந்தச் சர்வகலாசாலையில் ஹெர்மன் ஸ்டில்மார்க் என்ற மாணவர் 1888-ல் ஆமணக்கு விதையின் விஷத்தைப் பிரித்தெடுத்தார். அது ஒரு புரதம். அதற்கு 'ரிசின்' என்று பெயர் வைத்தார். ரத்தத்தில் அதைக் கலந்தபோது சிவப்பு அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டி கட்டியாகத் திரண்டன. சில வருஷங்களில் குன்றிமணியிலிருந்தும் அதே ஜாதி விஷம் ஒன்று கிடைத்தது. அதற்கு 'அப்ரின்' என்று பெயர்.

இந்த இரண்டு விஷங்களையும் பெர்லினில் பால் எர்லிக் கையில் எடுத்தார். எலிகளின் தீனியில் ரிசினை மிகச் சிறு அளவில் கலந்து, நாளாக நாளாக அளவைக் கூட்டிக்கொண்டே போனார். முடிவில், சாதாரண எலியைக் கொன்றுவிடும் அளவு விஷத்தைக் கொடுத்தும் அந்த எலிகள் சாகவில்லை. அவற்றின் உடல் அந்த விஷத்தை முறிக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் ரிசினைத் தாங்கப் பழகிய எலிக்கு அப்ரினைக் கொடுத்தால் செத்துவிட்டது! ஆமணக்கைக் கண்டுகொண்ட காவல்காரனுக்குக் குன்றிமணியை அடையாளம் தெரியவில்லை. உடலின் எதிர்ப்புச் சக்தி ஒவ்வொரு பகைவனையும் தனித்தனியே கற்றுக்கொள்கிறது என்ற பெரிய உண்மை 1891-ல் இப்படித்தான் தெரிய வந்தது. 1908-ல் நோபல் பரிசு பெற்ற இதே எர்லிக், மறு வருஷம் இன்னொரு யோசனையையும் சொன்னார்: உடலில் புற்று அணுக்கள் அடிக்கடி தோன்றுகின்றன, எதிர்ப்புச் சக்திதான் அவற்றை அடக்கி வைக்கிறது என்றார். அதை நிரூபிக்க அன்று வழி இல்லை.

அதன் பிறகு வெகு காலம் இந்த விதைப் புரதங்களை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. வாளவரைக்குச் சகோதர ஜாதியான ஒரு விதையிலிருந்து ஜேம்ஸ் சம்னர் 1919-ல் இன்னொரு புரதத்தை எடுத்தார். சிறு வயதில் வேட்டை விபத்தில் ஒரு கையை இழந்த மனிதர் அவர். ஒற்றைக் கையோடு ஆராய்ச்சி செய்து, அதே விதையின் மற்றொரு புரதத்துக்காக 1946-ல் நோபல் பரிசும் பெற்றார். பாஸ்டன் நகரில் வில்லியம் பாய்டு என்பவர் 1945-ல் கடையிலிருந்து லிமா அவரை வாங்கி வரச் சொல்லி, அதை ரத்தத்தோடு கலந்து பார்த்தார். நம் பக்கத்து மார்க்கெட்டுகளில் 'டபுள் பீன்ஸ்' என்று விற்பதுதான் அது. அந்த விதையின் சாறு 'ஏ' பிரிவு ரத்தத்தைத் திரளச் செய்தது. மற்றப் பிரிவுகளைச் சீந்தவில்லை. பொறுக்கி எடுக்கும் குணம் உள்ளதால், 1954-ல் அவரும் எலிசபெத் ஷாப்லியும் இந்தப் புரதங்களுக்கு 'லெக்டின்' என்று பெயரிட்டார்கள். பொறுக்குதல் என்று பொருள்படும் லத்தீன் சொல் அது. அணுவின் மேல்பரப்பில் மயிரிழைகளைப் போல் நீட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளைப் பார்த்து, தனக்குப் பொருத்தமானதைப் பிடித்துக்கொள்வதுதான் லெக்டினின் வேலை.

தூங்கியவை எழுந்தன

பிலடெல்பியா நகரில் பென்சில்வேனியா சர்வகலாசாலையைச் சேர்ந்த டாக்டர் பீட்டர் நோவெல் ரத்தப் புற்றுநோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களை மட்டும் தனியே எடுக்க வேண்டும். அதற்குச் சிவப்பு அணுக்களைத் திரட்டி அடியில் தங்கவைக்க வேண்டும். ராஜ்மா விதையின் லெக்டினை அந்தக் காரியத்துக்கு உபயோகிப்பது அக்கால வழக்கம். பாலைத் தயிராக்கும் பிரைமோரைப்போல அது ஒரு கருவி, அவ்வளவுதான். அதனால் வேறு விளைவு இருக்கும் என்று எவரும் நினைக்கவில்லை.

லிம்போசைட் எனப்படும் வெள்ளை அணு, வளர்ச்சி முடிந்த, இனிப் பெருக முடியாத கிழட்டு அணு என்பது அன்றைய பாடப் புத்தகக் கருத்து. ஆனால் நோவெல் பார்த்த கண்ணாடிக் குப்பிகளில், நோயில்லாத மனிதரின் ரத்த அணுக்கள்கூட இரண்டு மூன்று நாளில் பருத்து, இரண்டிரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தன! காரணத்தைத் தேடிப் போனவருக்குக் கிடைத்த விடை, அந்த ராஜ்மாப் புரதம். 1960-ல் அவர் அதை வெளியிட்டார். கிழட்டு அணு என்று ஒதுக்கப்பட்டவை உண்மையில் தூங்கிக்கொண்டிருந்த போர்வீரர்கள் என்பது அன்று முதல் தெரிந்தது. நோய் எதிர்ப்பு விஞ்ஞானத்தையே இந்த ஒரு கண்டுபிடிப்பு புரட்டிப் போட்டது என்றால் மிகையில்லை.

இன்றும் உலகெங்கும் பரம்பரைக் கோளாறுகளை அறிய ரத்தம் சோதிக்கும் ஆய்வுக்கூடங்களில், ஒரு சிட்டிகை ரத்தத்தோடு இந்தப் பயற்றுப் புரதத்தைச் சேர்த்து மூன்று நாள் வெதுவெதுப்பில் வைக்கிறார்கள். அணுக்கள் பிரியும்போதுதான் குரோமோசோம்களைப் பார்க்க முடியும். ஒரு குழந்தைக்குக் குரோமோசோம் சோதனை செய்து ரிப்போர்ட் வாங்கிய பெற்றோருக்கு, அதில் ராஜ்மாவின் பங்கு உண்டு என்பது தெரிந்திருக்காது.

அப்படியானால் அந்தப் புரதத்தையே ஊசி மூலம் ஏற்றிப் புற்றுநோயை ஒழித்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் சிக்கல். திருடன் வந்துவிட்டான் என்று நள்ளிரவில் தப்பட்டை அடித்தால் ஊரே எழுந்து ஓடி வரும். ஆனால் திருடன் எந்த வீட்டில் இருக்கிறான் என்பது தப்பட்டைக்குத் தெரியாதே! ராஜ்மாப் புரதம் எல்லா 'டி' அணுக்களையும் ஒரேயடியாக எழுப்புகிறது. எந்த அணு எந்தப் பகைவனுக்கு என்ற கணக்கு அதற்கு இல்லை. உடலுக்குள் அப்படி எல்லா அணுக்களும் கிளம்பினால் உடலே யுத்தகளமாகிவிடும். குப்பிக்குள் அமிர்தம், ரத்தக் குழாய்க்குள் ஆபத்து.

ஆகவே விஞ்ஞானிகள் வேறு வழியில் போனார்கள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் ராபர்ட் காலோவின் கூடத்தில் டோரிஸ் மார்கன், பிரான்சிஸ் ருசெட்டி என்ற இருவர், பயற்றுப் புரதத்தால் எழுப்பப்பட்ட அணுக்கள் கிடந்த திரவத்தை வடித்து, அதை வேறு குப்பிகளில் ஊற்றினார்கள். ரத்தப் புற்று அணுக்களை வளர்க்க வேண்டும் என்பதே அவர்களுடைய நோக்கம். வளர்ந்தவையோ ஆரோக்கியமான 'டி' அணுக்கள்! அதுவும் மாதக் கணக்கில் வளர்ந்தன. எழுந்த அணு, தன் கூட்டாளிகளை வளர்க்க ஒரு பொருளைச் சுரக்கிறது என்பது 1976-ல் இவ்வாறு தெரிந்தது. பின்னாளில் அதற்கு 'இன்டர்லூகின்-2' என்று பெயர் வந்தது. ஜப்பானிய விஞ்ஞானி டாடட்சுகு டானிகுச்சி 1983-ல் அதன் மரபுக் குறிப்பைக் கண்டெடுத்தார். பிறகு அதை வேண்டிய அளவு உற்பத்தி செய்ய முடிந்தது.

அதே தேசிய நிலையத்தின் அறுவை மருத்துவர் ஸ்டீவன் ரோசன்பெர்க் இதைப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்தார். நோயாளியின் அணுக்களை வெளியே எடுத்து, இன்டர்லூகின்-2 ஊட்டி, திரும்ப உடலில் ஏற்றி, மருந்தையும் சேர்த்துச் செலுத்தினார். நோய் முற்றி, மற்ற வைத்தியம் எல்லாம் கைவிட்ட 25 பேரில் 11 பேருக்குக் கட்டிகள் சுருங்கின என்று 1985-ல் அறிவித்தார். உலகம் அதிசயித்தது. ஆனால் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். பெரும் அளவில் இந்த மருந்து ஏறியபோது ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்தது. ரத்த அழுத்தம் சரிந்தது. பலரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. 1992-ல் சிறுநீரகப் புற்றுக்கும் 1998-ல் மெலனோமா என்ற தோல் புற்றுக்கும் அமெரிக்கா இதற்கு அனுமதி கொடுத்தபோது, நூற்றுக்குச் சுமார் 15 பேருக்குத்தான் கட்டி சுருங்குவதாகக் கணக்கு இருந்தது. ஆனால் அந்தச் சிலரில் சிலருக்கு நோய் வருஷக் கணக்கில் திரும்பவே இல்லை. வைத்திய உலகம் விடாமல் பிடித்துக்கொண்டது அந்தச் சிலரைத்தான்.

ஓக் மரத்து ஒட்டுண்ணி

ஐரோப்பாவில் கதை வேறு விதமாகப் போயிற்று. ஆப்பிள், ஓக் போன்ற மரங்களில் புல்லுருவியைப்போல் ஒட்டி வளரும் 'மிஸல்டோ' என்ற செடியிலிருந்து எடுத்த சாற்றைப் புற்றுநோய்க்கு ஊசியாகப் போடும் வழக்கம் 1917 முதல் அங்கு உண்டு. ருடால்ப் ஸ்டைனர் என்ற தத்துவவாதியின் கருத்தில் பிறந்த வைத்தியம் அது. அந்தச் செடியிலும் லெக்டின் இருக்கிறது. சோதனைக் குப்பியில் எதிர்ப்பு அணுக்களைத் தூண்டுகிறது. ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் ஏராளமான நோயாளிகள் இதைப் போட்டுக்கொள்கிறார்கள்.

பலன் உண்டா? கணையப் புற்று முற்றிய 220 பேரை வைத்து செர்பியாவில் ஒரு சோதனை நடந்தது. சாறு போட்டுக்கொண்டவர்கள் சற்றுக் கூடுதலாக வாழ்ந்தார்கள் என்று 2013-ல் செய்தி வந்தது. ஆனால் அங்கே யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதே நோய்க்கு ஸ்வீடனில் 290 பேருக்கு, யாருக்கு எது என்று தெரியாதபடி, பாதிப் பேருக்குச் சாறும் பாதிப் பேருக்கு வெறும் நீர் ஊசியும் கொடுத்துப் பார்த்தார்கள். ஆயுளும் கூடவில்லை, உடல் நலமும் மேம்படவில்லை என்று 2024-ல் அறிவித்தார்கள். நூறு வருஷப் பழக்கத்தை ஒரு நேர்மையான சோதனை இப்படி எடை போட்டுவிட்டது. 'பல பேர் சாப்பிட்டிருக்கிறார்கள்' என்பது வேறு. 'பலன் இருக்கிறது' என்பது வேறு.

காராமணி நோயும் மனித நோயும்

இப்போது மிகவும் நம்பிக்கை தருவது காராமணிதான். தட்டைப்பயறு என்று கிராமங்களில் சொல்வார்களே, அதுவே. அந்தச் செடியின் இலைகளில் தேமல் விழச் செய்யும் ஒரு வைரஸ் உண்டு. வகைக்கு 60 பிரதிகள் என்ற கணக்கில் இரண்டு வகைப் புரதங்கள் கோத்துக் கட்டிய ஒரு நுண்ணிய கூடு அது. ஒரு மில்லிமீட்டரை 30,000 கூறாக்கினால் வரும் அளவு அதன் குறுக்களவு. செடிக்கு நோய் கொடுக்கும். மனிதனுக்கோ மிருகத்துக்கோ தொற்றாது.

நிக்கோல் ஸ்டைன்மெட்ஸ், ஸ்டீவன் பியரிங் ஆகியோரின் குழுவினர் 2016-ல் செய்த சோதனையில், இந்த வைரஸின் உள்ளே இருப்பதை எல்லாம் நீக்கி, வெறும் புரதக் கூட்டை மட்டும் எலிகளின் நுரையீரல் கட்டிகளை எட்டும்படி செலுத்தினார்கள். கட்டிகள் அடங்கின. காரணம் விசித்திரமானது. புற்றுக் கட்டி சாமர்த்தியசாலி. தன்னைச் சுற்றி வரும் எதிர்ப்பு அணுக்களைத் தாலாட்டித் தூங்கவைத்துவிடும். அங்கே திடீரென்று முன்பின் தெரியாத ஒரு வைரஸ் கூடு வந்து விழுந்தால், எதிர்ப்பு அணுக்கள் திடுக்கிட்டு விழிக்கின்றன. கூட்டைத் தாக்க வந்த வேகத்தில் பக்கத்துப் புற்று அணுக்களையும் உடைக்கின்றன. உடைந்த துண்டுகளைப் பார்த்து 'டி' அணுக்கள் புற்றின் முகத்தைப் படித்துக்கொள்கின்றன. பிறகு உடலின் வேறு இடத்தில் அதே புற்று ஒளிந்திருந்தாலும் கண்டுகொள்கின்றன. தப்பட்டைச் சத்தம் ஊருக்கெல்லாம் கேட்பதற்குப் பதில், திருடன் வீட்டு வாசலிலேயே கேட்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இது முற்றிலும் புதிய தந்திரமும் அல்ல. கிண்டியில் 1948 முதல் தயாராகி வந்த பி.சி.ஜி. காசநோய்த் தடுப்பு மருந்தையே மூத்திரப் பைப் புற்றுக்கு உள்ளே செலுத்தும் சிகிச்சை 1976-லிருந்து இருக்கிறது, இன்றும் பயன்படுகிறது. அதுவும் இதே வழிதான். உயிருள்ள கிருமிக்குப் பதில் ஒரு பயற்றஞ்செடியின் புரதக் கூடு, அவ்வளவே வித்தியாசம். இதைத் தயாரிக்கப் பெரிய ஆலை வேண்டாம். செடியை வளர்த்து, இலையிலிருந்து பிரித்தெடுக்கலாம். வெயிலும் மண்ணும் தண்ணீரும் உள்ள தேசங்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

இயற்கையாகப் புற்று வந்த வளர்ப்பு நாய்களிலும் இதைச் செலுத்தி, கட்டி சுருங்குவதைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் எலியிலும் நாயிலும் பலித்ததெல்லாம் மனிதனிடம் பலித்துவிடுவதில்லை. பாதியில் நின்றுபோன மருந்துகள் எத்தனையோ. இது மனிதருக்கான மருந்தாகக் கடைக்கு வந்துவிடவில்லை. தேமல் விழுந்த காராமணியைச் சமைத்துச் சாப்பிட்டால் போதுமே என்று எண்ண வேண்டாம். கட்டிக்குள் ஊசி வழியே, அளந்து செலுத்தும் விஷயம் இது.

பச்சை ராஜ்மாவை ஊறவைத்து அரைத்துக் குடிக்கலாமா என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வேகாத ராஜ்மாவில் நாலைந்து விதைகளே கடும் வாந்தியும் பேதியும் வரவழைக்கும். காரணம், மேலே சொன்ன அதே புரதம். நன்றாகக் கொதிக்க வேகவைத்தால் அது அழிந்துவிடும். அரைகுறைச் சூட்டில் வைத்தால் நச்சு கூடவே செய்யும். ஆமணங்கொட்டை, குன்றிமணி இரண்டைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். மென்று விழுங்கினால் உயிரையே கொண்டுபோகும். நித்தியகல்யாணியிலிருந்து புற்றுநோய் மருந்து வந்ததே என்பார்கள். வந்தது உண்மை. ஆனால் அது புரதமும் அல்ல. எதிர்ப்பு அணுக்களை எழுப்புவதும் அல்ல. பெருகும் அணுக்களைக் கொல்லும் விஷம் அது. டன் கணக்கில் இலையை வைத்துச் சுத்திகரித்து, மில்லிகிராமில் அளந்து கொடுக்கிறார்கள். செடியைக் கசக்கிக் குடித்தால் அந்த அளவை யார் அளப்பது?

பாரத நாடு இதில் வெறும் வேடிக்கை பார்க்கவில்லை. நோயாளியின் 'டி' அணுக்களை வெளியே எடுத்து, புற்றை அடையாளம் காணும் கருவி ஒன்றை அவற்றில் பொருத்தி, பெருக்கித் திரும்ப ஏற்றும் 'கார்-டி' சிகிச்சை 2017-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது அதன் விலை 4,75,000 டாலர். பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய இந்தியச் சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. விலை அதில் சுமார் பத்தில் ஒரு பங்கு. சில ரத்தப் புற்றுகளுக்கு மட்டுமே அது உதவும். அணுக்களைக் குப்பியில் எழுப்ப இன்று ராஜ்மாவுக்குப் பதில் வேறு புரத மணிகள் வந்துவிட்டன. ஆனாலும் 'டி' அணுவை உடலுக்கு வெளியே பெருக்க முடியும் என்று காட்டியது அந்தப் பயறுதான்.

பத்தில் ஒரு பங்கு என்றாலும் பல லட்ச ரூபாய், சாமானியனுக்கு எட்டாத விலை. சர்க்கார் இங்கே கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. பயறும் உண்டு, பயிர் நோய் தெரிந்த விவசாயக் கல்லூரிகளும் உண்டு, 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் நிலையம் போன்ற அனுபவசாலிகளும் உண்டு. இவர்களை ஒன்றுசேர்த்து, காராமணிக் கூடு போன்ற மலிவான வழிகளைச் சோதிக்கப் பணம் ஒதுக்கினால் வீண் போகாது.

அதற்கு முன் செலவில்லாத காரியம் ஒன்று இருக்கிறது. புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954-ம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டமே சொல்கிறது. அந்தச் சட்டம் இருக்கிறது, விளம்பரங்களும் இருக்கின்றன! சுவரொட்டியில் இருந்தது இப்போது கைபேசிக்குள் வந்துவிட்டது. ஜில்லா அதிகாரிகள் மாதம் பத்து வழக்காவது போட்டால் பொட்டலக்காரர்களுக்குப் புத்தி வரும். அந்த விளம்பரத்துக்கு இடம் கொடுக்கும் பத்திரிகைகளும் இதில் தப்பிக்க முடியாது.

யோசனை சொல்ல வந்த உறவினரை விரட்ட வேண்டியதில்லை. அவர் பிரியத்தினால்தான் சொல்கிறார். அவர் கொடுத்த பொடியை வாயில் போடுவதற்கு முன், அந்தப் பொட்டலத்தோடேயே ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் காட்ட வேண்டும். சில பச்சிலைகளும் பொடிகளும் புற்றுநோய் மருந்தின் வேகத்தைக் குறைத்தோ கூட்டியோ விடும். டாக்டர் கோபிப்பார் என்று மறைப்பவர்கள் பல பேர். கோபித்தால் கோபிக்கட்டும். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய தேதியை மட்டும் யாருக்காகவும் தள்ளிப்போட வேண்டாம்.